ஐந்து நாள் பியானோக்காரர்

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் துலக்கும்போது எனக்குக் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மாங்க் வாசித்த பழைய ரெக்கார்டிங் ஒன்று. அது தீர்ந்ததும் ஆப் தன் பாட்டுக்கு அடுத்ததைப் போட்டது. பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றுதான். அதே கோணல்மாணலான கட்டைகள். நானும் மாங்க் என்றே நினைத்துக் குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ இடித்தது. பியானோ ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துப் பாதியில் விட்டது. மீதியை டிரம்ஸ் சொல்லி முடித்தது. மறுபடியும் அதே இடம் வந்தது, மறுபடியும் டிரம்ஸ்தான் முடித்தது. அப்படியென்றால் அது தற்செயல் இல்லை. எழுதி வைத்தது. குழாயை மூடிவிட்டு, ஈர விரலுக்கு மசியாத திரையோடு மல்லுக்கட்டிப் பெயரைப் பார்த்தேன். ஹெர்பி நிக்கல்ஸ். பாட்டின் பெயர் 'த தேர்டு வேர்ல்டு'. ஆண்டு 1955.

பத்துப் பதினைந்து வருடமாக ஜாஸ் கேட்கிறேன் என்று சொல்லிக்கொள்பவன் நான். இந்தப் பெயரை எங்கோ பார்த்த ஞாபகம்கூட இல்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் தேடிப் படிக்கப் படிக்க, வெட்கப்பட வேண்டிய வரிசையில் எனக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

நிக்கல்ஸ் பிறந்தது 1919 ஜனவரி 3, நியூயார்க் மன்ஹாட்டனில் சான் வான் ஹில் என்ற பகுதியில். கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். இன்று அந்தப் பக்கம் போனால் லிங்கன் சென்டரின் இசை அரங்குகள்தான் நிற்கின்றன. பழைய தெருக்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள், ஒருவர் செயின்ட் கிட்ஸ், ஒருவர் டிரினிடாட். சிறு வயதிலேயே குடும்பம் ஹார்லெமுக்கு மாறியது. பையனுக்கு ஒழுங்கான மேற்கத்திய சாஸ்திரியப் பியானோப் பயிற்சி கிடைத்தது. புத்தகம் படிப்பார், கவிதை எழுதுவார், செஸ் ஆடுவார். கூட்டத்தில் தோளால் இடித்து இடம் பிடிக்கிற ஆள் இல்லை.

ஆனால் அந்தக் காலத்து ஹார்லெமில் ஜாஸ் வளர்ந்ததே இடித்துப் பிடித்துத்தான். நடுராத்திரிக்கு மேல் மின்டன்ஸ், மன்ரோஸ் போன்ற கிளப்புகளில் கூடுவார்கள். யார் மேடையேறுவது, யார் யாரை மடக்குவது என்று விடிய விடிய நடக்கும். நம் பக்கத்தில் ஒரு காலத்தில் நாகஸ்வரக்காரர்கள் வீதி முனையில் ஒருவரையொருவர் மல்லாரியில் சோதித்துப் பார்த்த கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நிக்கல்ஸ் அங்கே போனார், வாசிக்கவும் வாசித்தார். ஒட்டவில்லை. அதற்குள் 1941இல் ராணுவம் அழைத்துக்கொண்டது. 1943இல் வெளியே வந்தபோது பீபாப் என்ற புதிய பாணி அநேகமாக உருவாகி முடிந்திருந்தது, அவர் இல்லாமலே.

மாங்கைப் பற்றி அச்சில் முதன்முதலாக எழுதியவர்களில் ஒருவர் இதே நிக்கல்ஸ்தான். 1940களில் கறுப்பின இசைப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். மாங்கை ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கியிருந்த நேரம் அது. இவர் உட்கார்ந்து, இந்த மனிதர் என்ன செய்கிறார் தெரியுமா என்று விளக்கினார். பின்னாளில் இவருடைய இசைத்தட்டு வெளிவந்தபோது, 'மாங்க் மாதிரி இருக்கிறது' என்று ஒரே வரியில் ஒதுக்கியவர்கள் உண்டு. பாத்திரம் துலக்கிக்கொண்டே நான் செய்ததும் அதுதானே.

சரி, வயிற்றுப்பாடு? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டிக்ஸிலேண்ட் என்று ஒரு பழைய பாணி உண்டு, நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து உற்சாக இசை. 1940, 50களில் நியூயார்க் பார்களில் அதற்குத்தான் கூட்டம். நிக்கல்ஸ் பிழைப்புக்கு அதை வாசித்தார். ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களில் வாசித்தார். பாடகிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தார். கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் போனார். வீட்டுக்கு வந்து தன் மெட்டுகளை எழுதினார், பகலில் ஒரு வாழ்க்கை, இரவில் ஒரு வாழ்க்கை என்று.

1952இல் ஒரு சின்ன கம்பெனிக்காக, தன் பெயரில் சில பாட்டுகள் பதிவு செய்தார். அதில் ஒன்றின் தலைப்பு 'நிக்கல்ஸ் அண்ட் டைம்ஸ்'. நிக்கல் என்றால் அமெரிக்காவில் ஐந்து சென்ட் காசு, டைம் என்றால் பத்து சென்ட். தன் பெயரையே வைத்துச் சில்லறை என்று சொல்லிச் சிரிக்கிறார் மனிதர். அந்தத் தலைப்பை ரசிப்பதா பரிதாபப்படுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் நண்பர் ஒருவர் மிருதங்கம் வாசிப்பவர். வேறு உத்தியோகம் இல்லை, முழுநேரமும் அதுதான். 'த தேர்டு வேர்ல்டு' பாட்டை முதலில் அவருக்குத்தான் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஒரு சுற்று வந்தது. இரண்டாவதில் கை தயங்கியது. "நிறுத்துங்க, முதல்லேர்ந்து போடுங்க" என்றார். மூன்றாவது தடவை போட்டபோது தாளம் போடுவதையே விட்டுவிட்டுச் சும்மா கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "இவர் மெட்டு எழுதும்போதே டிரம்ஸ்காரனுக்கு இலை போட்டுட்டு எழுதியிருக்காரு."

இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். வழக்கமான ஜாஸில் எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒரு தடவை வாசிப்பார்கள். அப்புறம் அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் சுருதிக் கோவைகளின் மேல் ஒவ்வொருவராகக் கற்பனை செய்வார்கள். கடைசியில் மறுபடி மெட்டு. டிரம்ஸ்காரர் பெரும்பாலும் பக்கவாத்தியம். முடிவில் தனி கொடுத்தால் உண்டு. நிக்கல்ஸின் மெட்டுகளில் இந்த ஏற்பாடு வேலை செய்யாது. டிரம்ஸை எடுத்துவிட்டால் மெட்டில் ஓட்டை விழும். ஆரம்பத்தில் வரும் முகவுரையும் முடிவில் வரும் வாலும் அலங்காரம் இல்லை, உடம்பிலேயே சேர்ந்தவை. அடிகளின் எண்ணிக்கையும் எட்டு, பதினாறு என்று சொன்னபடி கேட்காது. ஆனால் கேட்கும்போது கணக்குப் போட்ட மாதிரியே இருக்காது. நடந்து போகிறவர் யாரையோ பார்த்து நின்று, இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி நடப்பதுபோல இருக்கும்.

நண்பரிடம் நிக்கல்ஸின் பார் பிழைப்பைச் சொன்னேன். அவர் அதற்கு வருத்தப்படவே இல்லை. "கல்யாணக் கச்சேரி வாசிக்காம எவன் இருக்கான்? பந்திக்கு ஆள் கூப்பிடுற சத்தத்துல நான் எத்தனை தனி வாசிச்சிருக்கேன். பிரச்சினை அது இல்லீங்க. மறுநாள் நம்ம கச்சேரின்னு ஒண்ணு இருக்கணும். அது இருந்துச்சா அவருக்கு?"

இல்லை. அதுதான் இல்லை.

நியூயார்க்கில் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டுக் கம்பெனியை ஆல்ஃபிரட் லயன் என்பவர் நடத்திவந்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர். யாரும் சீண்டாத காலத்தில், 1947இலேயே, மாங்கைக் கூப்பிட்டுப் பதிவு செய்த புண்ணியவான். அவரிடம் நிக்கல்ஸ் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1955இல் கதவு திறந்தது. திறந்தது என்றால் சும்மா இல்லை. டிரம்ஸுக்கு ஆர்ட் ப்ளேக்கி, அடுத்து மேக்ஸ் ரோச். அன்றைக்கு உலகத்தில் அந்த வாத்தியத்துக்கு இவர்களை விட்டால் ஆள் கிடையாது. பாஸுக்கு அல் மெக்கிபன், கடைசி அமர்வில் டெடி கோட்டிக்.

பதிவு நடந்த இடம் நியூஜெர்சியில் ஹேக்கன்சாக் என்ற ஊர். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் தன் அப்பா அம்மா வீட்டு முன்ஹாலை ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தார். பகலில் கண் பரிசோதனை செய்து பிழைப்பவர், ஓய்வு நேரத்தில் இந்த வேலை. ஐம்பதுகளின் மகத்தான ஜாஸ் இசைத்தட்டுகளில் எத்தனையோ அந்த ஹாலில்தான் பிறந்தன.

1955 மே 6, மே 13, ஆகஸ்ட் 1, ஆகஸ்ட் 7. அப்புறம் 1956 ஏப்ரல் 19. ஐந்து நாள். இந்த ஐந்து நாளில் முப்பது பாட்டு. முப்பதில் இருபத்தொன்பது அவரே எழுதியவை. மிச்சம் ஒன்று மட்டும் இசையமைப்பாளர் கெர்ஷ்வினுடையது. அதன் பெயர் 'மைன்', அதாவது 'என்னுடையது'. முழு அடுக்கில் அவருக்குச் சொந்தமில்லாத ஒரே பாட்டுக்கு இந்தப் பெயர் அமைந்ததைக் கவனித்துவிட்டுத்தான் வைத்தாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். தன் பெயரைச் சில்லறை ஆக்கிய ஆள், செய்யக்கூடியவர்தான்.

அந்த ஐந்து நாள் பாட்டுகளில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும், எதைக் கேட்பது என்று யாராவது கேட்டால் 'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்' என்று சொல்வேன். வீட்டு விருந்து ஆரம்பிக்கிறது என்று தலைப்பு. ஆனால் கும்மாளம் எதுவும் கிடையாது. விருந்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டவரின் நிலைமைதான் அதில் கேட்கிறது. நாற்காலிகள் காலி. வீட்டுக்காரர் உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறார். எங்கே உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெட்டு ஒரு பக்கம் போகப் பார்க்கும், சரிப்படாமல் வேறு பக்கம் திரும்பும், ஒரு கட்டையில் சாய்ந்து நிற்கும். ரோச் பின்னால் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார், வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்பதுபோல. போகப் போக ஒரு கலகலப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த முதல் தயக்கம் கடைசி வரை போவதில்லை. சந்தோஷமா வருத்தமா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத பாட்டு.

'ப்ளூ சாப்ஸ்டிக்ஸ்' இதற்கு நேர் எதிர். பியானோ பக்கம் போகிற எந்த மேலைநாட்டுக் குழந்தையும் இரண்டு விரலால் டக் டக்கென்று தட்டும் 'சாப்ஸ்டிக்ஸ்' மெட்டை எடுத்துக்கொண்டு விளையாடியிருக்கிறார். குறும்பு.

இவ்வளவு நல்ல ஆட்கள், நல்ல ஸ்டூடியோ, நல்ல பாட்டு. பின் ஏன் எடுபடவில்லை? 'காலத்துக்கு முந்தியவர்' என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோம்பேறிப் பதில் அது. காரணங்கள் இன்னும் அற்பமானவை.

ஒன்று, இசைத்தட்டின் அளவு. மே மாதப் பதிவுகளைப் ப்ளூ நோட் இரண்டு பத்து அங்குலத் தட்டுகளாக வெளியிட்டது, எண் 5068, 5069. சந்தை அப்போதுதான் பன்னிரண்டு அங்குலத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பத்து அங்குல வரிசையே 5070உடன் நின்றுபோனது. தண்ணீர் வற்றிய பிறகு கிணற்றில் வாளி இறக்கிய கதை. பின்னால் ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டும் வந்தது. அதன் அட்டைக் குறிப்பை நிக்கல்ஸே எழுதினார். டிரம்ஸின் நாதத்தின் மேல் அவருக்கிருந்த பைத்தியம் அதில் தெரியும். மூன்று தட்டிலும் சேர்த்து இருபத்திரண்டு பாட்டு. மீதி எட்டு, அவர் உயிரோடு இருந்தவரை அலமாரியில் தூங்கியது.

அதைவிடப் பெரிய காரணம் என் நண்பர் கேட்டதுதான். மறுநாள் கச்சேரி. இப்படி மூன்று பேர் பின்னிக்கொள்ளும் இசையை ஐந்து நாளில் பதிவு செய்யலாம், ஆனால் ஐந்து நாளில் அதற்கு ரசிகர்களை உண்டாக்க முடியாது. அதே மூன்று பேர் ஒரே மேடையில் வாரக்கணக்கில் வாசிக்க வேண்டும். முதல் நாள் முகம் சுளித்தவர் நாலாம் நாள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போக வேண்டும். மாங்குக்கு அது நடந்தது. 1957இல் ஃபைவ் ஸ்பாட் என்ற கிளப்பில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார், ஊரே திரண்டது. அதே 1957 நவம்பரில் நிக்கல்ஸ் பெத்லஹேம் கம்பெனிக்காகத் தன் கடைசி இசைத்தட்டைப் பதிவு செய்தார். தலைப்பு 'லவ், க்ளூம், கேஷ், லவ்'. காதல், மனச்சோர்வு, காசு, மறுபடி காதல். சொந்த இசையோடு சொந்தக் குழுவை நிலையாக அமர்த்திக்கொள்ள எந்த கிளப்பும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. ப்ளேக்கிக்கும் ரோச்சுக்கும் அவரவர் குழு இருந்தது. பதிவு முடிந்ததும் போய்விட்டார்கள்.

நிக்கல்ஸின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய ஒரு மெட்டு தெரிந்திருக்கும், அதுதான் வேடிக்கை. 'செரனேட்' என்று ஒன்று எழுதி வைத்திருந்தார். பாடகி பில்லி ஹாலிடே அதற்குச் சொல் போட்டுப் பாடினார். 'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்'. ஹாலிடேயின் சுயசரிதைக்கு அந்தத் தலைப்பு, 1956இல் வந்த இசைத்தட்டுக்கு அந்தத் தலைப்பு, 1972இல் வந்த திரைப்படத்துக்கும் அதே தலைப்பு. சினிமாப் பாட்டுக்கு நடிகர் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் ஊரில் வளர்ந்தவன் நான். மெட்டுப் போட்டவர் பெயர் காணாமல் போவதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நிக்கல்ஸின் டிரியோ அதே மெட்டைச் சொல் இல்லாமல் வாசிப்பதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஹாலிடேயின் குரலில் அது ஒப்பாரி. இவர் கையில் அது தெருமுனையில் நின்று யாருக்கோ காத்திருப்பது.

கடைசி வருடங்களில் கிரீனிச் வில்லேஜில் பேஜ் த்ரீ என்ற சின்ன பாரில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம். ஷீலா ஜோர்டன் அங்கே பாடிக்கொண்டிருந்த காலம். ஆறாவது, ஏழாவது பாடகர் வரை ஒரே இரவில் மாறி மாறி வந்தாலும் பியானோவில் இருப்பவர் எழுந்திருக்க முடியாது. அந்த நாட்களில் ராஸ்வெல் ரட் என்ற இளம் டிராம்போன்காரர் இவரிடம் ஒட்டிக்கொண்டார். அவரும் டிக்ஸிலேண்டில் தொடங்கியவர். நிக்கல்ஸின் மெட்டுகளை அவரிடமிருந்தே நேராகக் கற்றுக்கொண்டார். ஏ. பி. ஸ்பெல்மன் என்ற எழுத்தாளரும் வந்து பேசிக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

1963 ஏப்ரல் 12. ரத்தப் புற்றுநோய். நாற்பத்து நான்கு வயது. பத்து மாதம் கழித்து, 1964 பிப்ரவரியில், டைம் பத்திரிகையின் அட்டையில் மாங்கின் முகம் வந்தது. ஸ்பெல்மன் நான்கு ஜாஸ் கலைஞர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1966இல் வெளியானது. நால்வரில் நிக்கல்ஸும் ஒருவர். மற்ற மூவரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

நூற்றுக்கும் மேற்பட்ட மெட்டுகள் எழுதியவர். பதிவானவை அதில் ஒரு பங்குதான். மீதித் தாள்கள் அவருடைய அப்பா வீட்டில் இருந்தன. பிற்பாடு அங்கே தண்ணீர் புகுந்து பெரும்பகுதி நாசமாகிவிட்டது. சென்னை வெள்ளத்தில் தரைத்தள வீட்டுக்காரர்கள் ஊறிப்போன காகிதங்களை மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப்போட்டதைப் பார்த்தவன் நான். அந்த வாசனை எனக்குத் தெரியும்.

ரட்டிடம் சில பிரதிகள் இருந்தன. அவர் முப்பது வருடத்துக்கு மேல் அவற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1982இல் ஆம்ஸ்டர்டாமின் பியானோக்காரர் மிஷா மெங்கல்பெர்க், சாக்ஸபோன்காரர் ஸ்டீவ் லேசி இவர்களோடு சேர்ந்து நிக்கல்ஸையும் மாங்கையும் சரிசமமாக ஒரே தட்டில் வைத்தார். தொண்ணூறுகளில் யாரும் கேட்டிராத மெட்டுகளாகவே எடுத்து இரண்டு தொகுதி வெளியிட்டார். நியூயார்க்கில் ஃபிராங்க் கிம்ப்ரோ, பென் அலிசன் என்ற இரண்டு இளைஞர்கள் இன்னொரு வழியில் போனார்கள். காப்புரிமைக்காக நிக்கல்ஸ் அவ்வப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு மெட்டுகளை அனுப்பி வைத்திருந்தார். அங்கே போய்த் தோண்டி எடுத்தார்கள். பணமே வராத மெட்டுக்கும் முறையாகப் பதிவு செய்து வைத்திருந்த அந்த ஒழுங்கு என்னை என்னவோ செய்தது. ஐந்து நாள் பதிவுகள் மொத்தமும் 1987இல் மொசைக் என்ற கம்பெனியின் புண்ணியத்தில் ஒரே பெட்டியாக வந்தது. என் ஆப்பில் தானாக ஓடியது அதன் வழிவந்ததுதான்.

போன மாதம் ஒரு முகூர்த்த நாள். இரவு பதினொன்றரைக்கு நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. ஏதோ மண்டபத்தின் பின்பக்கம். ஜெனரேட்டர் ஓடுகிறது, அண்டா உருட்டும் சத்தம் கேட்கிறது. முன்னால் யாரோ "தாம்பூலப் பை வாங்கிட்டீங்களா" என்கிறார்கள். நண்பர் பேசவே இல்லை. எதன் மேலோ விரலால் தட்டுகிறார், பெட்டியாக இருக்கலாம். 'த தேர்டு வேர்ல்டு'. பியானோ நிற்கும் இடம் வந்ததும் வாயால் மெட்டை இழுத்து நிறுத்தி, டிரம்ஸ் வாக்கியத்தைத் தட்டி முடிக்கிறார். இரண்டாம் சுற்றில் ஓர் அடி பிசகியது. சே என்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.